வழக்கறிஞர் சங்கமே ஆஜராக மறுத்தால், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நியாயமான விசாரணை எப்படிக் கிடைக்கும்?

கேள்வி: ஓர் ஆசிரியை, தென் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சிறிய ஊரில் 22 ஆண்டுகளாகப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். நடந்ததை விவரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. கொலைக் குற்றத்தோடு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவாகியிருக்கிறது என்று சொன்னால் போதும். காலையில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது அவள் பெயர் வரும் இடத்தில் நான் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். பிள்ளைகளும் தலை குனிந்துகொள்கிறார்கள்.

கைது செய்யப்பட்டிருப்பவன் அதே தெருவைச் சேர்ந்த இளைஞன். அவனும் என்னிடம் படித்தவன்தான். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாக மறுநாளே செய்தித்தாளில் வந்தது. அதற்கு அடுத்த நாள், அவனுக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று எங்கள் பகுதி வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. ஊரில் அதை வரவேற்றுச் சுவரொட்டி ஒட்டினார்கள். எனக்கும் முதலில் அது சரியென்றே பட்டது.

சென்ற வாரம் அவனுடைய தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் மகன் செய்தானா இல்லையா என்று தனக்குத் தெரியாது என்றும், செய்திருந்தால் தண்டிக்கட்டும் என்றும், ஆனால் அவன் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் எப்படி விசாரிப்பார்கள் என்றும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சங்கத்தின் தீர்மானம் சட்டப்படி செல்லுமா? அவனுக்கு அரசே ஒரு வழக்கறிஞரை நியமிக்கும் என்கிறார்களே, அது பெயரளவில் முடிந்துவிடாமல் இருக்க ஏதேனும் வழி உண்டா? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இறந்த குழந்தையின் ஆசிரியை இப்படிக் கேட்பதே அவளுக்குச் செய்யும் துரோகமோ என்ற எண்ணம் என்னை உறுத்துகிறது. உங்களில் விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: குற்றவியல் வழக்கறிஞர், மதுரை

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே பதில் சொல்லியிருக்கிறது. கோயம்புத்தூரில் காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இடையே ஏற்பட்ட பிரச்சினையை அடுத்து, குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களுக்காக உறுப்பினர் எவரும் வாதாட மாட்டார்கள் என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தகராறு தொடர்பான முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 2010 டிசம்பர் 6 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா ஆகியோர் அமர்வு, இத்தகைய தீர்மானங்கள் அரசமைப்புச் சட்டத்துக்கும் வழக்கறிஞர் தொழிலின் அறத்துக்கும் முரணானவை, அவை செல்லாதவை, நேர்மையான வழக்கறிஞர்கள் அவற்றை மீறித் துணிந்து ஆஜராக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் ஊர்த் தீர்மானத்துக்கும் இது அப்படியே பொருந்தும். அது எந்த வழக்கறிஞரையும் கட்டுப்படுத்தாது; அதை மீறியதற்காக எவர்மீதும் நடவடிக்கை எடுக்க இயலாது.

கைதான ஒருவர் தாம் தேர்ந்துகொள்ளும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், அவர் மூலம் தம்மைக் காத்துக்கொள்ளவும் அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு உரிமை தருகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்பது பற்றித் தமக்கு என்ன கருத்து இருந்தாலும் வழக்கறிஞர் அவருக்காக வாதாட வேண்டும் என்று வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளும் சொல்கின்றன. நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், வாதாடுகிறவர் குற்றத்துக்குத் துணை போகிறார் என்று என் சொந்த உறவினர்களே பேசியதுண்டு. வாதாடும் தரப்பு ஒன்று எதிரில் இல்லாவிட்டால், காவல் துறை எழுதிக்கொண்டு வந்ததுதான் உண்மை என்று ஆகிவிடும். அந்த எழுத்து சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எது என்று சோதித்துப் பார்க்கத்தான் விசாரணை நடக்கிறது.

ஒப்புக்கொண்டுவிட்டான் என்று நாளிதழில் வந்த செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவல் அதிகாரியிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27ஆம் பிரிவுகளில் இருந்த இந்த விதி, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. அவர் சொன்னதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் நீதிமன்றம் ஏற்கலாம். காவல் நிலையத்துக்குள் என்ன நடக்கக்கூடும் என்பதை அறிந்தே, 1872இல் ஆங்கிலேயர் எழுதிய சட்டத்திலேயே வைக்கப்பட்ட தடுப்பு இது. ஆகவே ஊர் முழுவதும் பேசும் அந்த ஒப்புதலுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை; அரசுத் தரப்பு வேறு சாட்சியங்களால்தான் வழக்கை மெய்ப்பிக்க வேண்டும்.

அடுத்து, அவருக்கு யார் வாதாடுவார் என்பது. இலவசச் சட்ட உதவி என்பது அரசு மனமிரங்கித் தரும் சலுகை அன்று. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் அந்த உரிமை உண்டு. 2012இல் மும்பைத் தாக்குதல் வழக்கின் கசாப் மேல்முறையீட்டில், கைதானவர் முதன்முதலாக நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தப்படும்போதே இந்த உரிமை தொடங்கிவிடுகிறது, அதை அவருக்கு எடுத்துச் சொல்வது நடுவரின் கடமை, தவறினால் நடுவர் துறை நடவடிக்கைக்கு உள்ளாவார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடே வெறுத்த ஒருவருக்காக வாதாட ராஜு ராமச்சந்திரன் என்ற மூத்த வழக்கறிஞரை அந்த நீதிமன்றமே நியமித்தது. அவர் கடமையாகக் கருதி முழுமையாக வாதாடினார். மரண தண்டனை உறுதியானது; ஆனால் வாதத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னார்கள் என்று எவரும் சொல்ல இடமில்லை.

பதில் 2: சகோதரன்

மேலே எழுதிய வழக்கறிஞர் ஐயாவின் அறிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பேச்சில் எப்போதும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை மட்டுமே பேசப்படுகிறது. என் தங்கைக்கு 14 வயதில் ஒரு கொடுமை நேர்ந்தது. வழக்கு முடிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இன்று வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார், இன்று உடல்நலமில்லை என்று வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அவள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்குச் சேர்ந்த பிறகும் சாட்சிக் கூண்டில் ஏறி, மறக்க நினைத்ததை எல்லாம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. குறுக்கு விசாரணையில் அவளிடம் கேட்ட கேள்விகளை என் தாயார் இறக்கும்வரை மறக்கவில்லை.

எனவே இரண்டு மாதத்தில், முடிந்தால் இரண்டு வாரத்தில் விசாரணையை முடித்துத் தண்டனை கொடுத்தால் அதில் என்ன தவறு என்று நான் கேட்கிறேன். தாமதமும் அநீதிதானே? அந்த ஊர்க்காரர்கள் கோபத்தில் சுவரொட்டி ஒட்டியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆசிரியை அவர்களே, நீங்கள் அந்தத் தாய்க்கு உதவுவதைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. இறந்த குழந்தையின் வீட்டுக்கும் ஒரு முறை போய் வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 3: ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்

நான் அமர்வு நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன். சட்டத்தை வழக்கறிஞர் சொல்லிவிட்டார். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

வழக்கறிஞர் இல்லாத எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் இப்படித்தான் சொல்வோம்) கூண்டில் நிற்கும்போது, ஒரு சாட்சி அரசுத் தரப்பில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், ஏதேனும் கேட்க வேண்டுமா என்று நீதிபதி எதிரியைப் பார்த்துக் கேட்பார். அவர் கைகூப்பி, எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா என்பார். சாட்சியத் தாளின் அடியில் "குறுக்கு விசாரணை: இல்லை" என்று எழுதப்படும். எத்தனையோ தாள்களில் அந்த வரியை நானே பதிவு செய்திருக்கிறேன். மேல்முறையீட்டில் அந்தத் தாளைப் பார்க்கும் நீதிபதிகளுக்கு, அந்தச் சாட்சி சொன்னதை எதிர்த்தரப்பு மறுக்கவே இல்லை என்றுதான் தெரியும். கைகூப்பி நின்றவரின் திகைப்பு எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

பெயரளவுக்கு வழக்கறிஞர் இருப்பது இதைவிட மேலானது என்று சொல்ல மாட்டேன். காலையில் நியமன உத்தரவு வாங்கி, நீதிமன்ற வராந்தாவில் நின்றபடியே வழக்குக் கட்டைப் புரட்டி, எதிரியின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் மதியம் குறுக்கு விசாரணை செய்தவர்களைக் கண்டிருக்கிறேன். அதே வேளையில், சட்ட உதவியில் வந்த ஒரு வழக்கறிஞர், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட தெருவுக்குத் தம் சொந்தச் செலவில் போய், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து அந்த வீட்டு வாசல் எத்தனை அடி என்று அளந்து வந்து, வெளிச்சத்தில் பார்த்தேன் என்ற சாட்சியை ஒரே கேள்வியில் நிறுத்தியதையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நீதிமன்றத்தில் ஓர் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும்.

2022 முதல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தனியார் வழக்கு எடுக்காமல் சட்ட உதவி வழக்குகளை மட்டும் முழுநேரமாக நடத்தும் வழக்கறிஞர்களைக் கொண்ட தனி அமைப்பைப் பல மாவட்டங்களில் தொடங்கியிருக்கிறது. அவர்கள் சம்பளம் பெற்று இந்த வேலையையே செய்கிறவர்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். தொலைபேசியில் கேட்பதென்றால் 15100. அந்தத் தாயே போய் மனுக் கொடுக்கலாம். கைநாட்டு வைத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். சிறையிலிருந்து மகனே கேட்கவும் வழி உண்டு.

பதில் 4: குற்றவியல் வழக்கறிஞர், மதுரை

சகோதரருக்கு. உங்கள் தங்கைக்கு நேர்ந்ததற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அந்தக் குறுக்கு விசாரணை நடந்த விதம் தவறு. போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, குழந்தையிடம் கேட்க வேண்டியவற்றை வழக்கறிஞர் நீதிபதியிடம்தான் சொல்ல வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்க வேண்டும். மிரட்டும் கேள்விகளையும் நடத்தையைக் களங்கப்படுத்தும் கேள்விகளையும் அனுமதிக்கக் கூடாது. நியாயமான விசாரணை என்பது பாதிக்கப்பட்டவருக்கும் உரியதே என்பதை 2004இல் குஜராத்தின் வதோதரா பெஸ்ட் பேக்கரி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது. 14 பேர் கொல்லப்பட்ட அந்த வழக்கில், சாட்சிகள் அச்சுறுத்தலுக்கு உள்ளாகிப் பிறழ்ந்ததால் 21 பேரும் விடுதலையானார்கள். அந்த விடுதலையை ரத்து செய்து, விசாரணையை மாநிலத்துக்கு வெளியே மகாராஷ்டிரத்துக்கு மாற்றியது நீதிமன்றம். அங்கே நடந்த மறுவிசாரணையில் 2006இல் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

ஆனால் இரண்டு வாரத்தில் முடித்தால் என்ன என்று கேட்டீர்கள். உண்மையில் அப்படி முடிக்கப்பட்ட ஒரு வழக்கின் கதையை நான் சொல்ல வேண்டும். நான் இளைய வழக்கறிஞர்களிடம் அடிக்கடி சொல்வது இது.

2013 ஜனவரி இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் கண்டுவா மாவட்டத்தில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். ஓர் இளைஞர் கைதானார். பிப்ரவரி 19 அன்று அவருக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அன்றைக்கே குற்றச்சாட்டும் வனையப்பட்டது, அதாவது எந்தக் குற்றங்களுக்கு விசாரணை என்று நீதிமன்றம் முறைப்படி பதிவு செய்தது. வழக்குக் கட்டைப் படிக்கவோ, கட்சிக்காரரிடம் தனியே பேசவோ அந்த வழக்கறிஞருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. மார்ச் 4 அன்று மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. ஜூன் மாதத்திலேயே உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. நீதி இவ்வளவு விரைவாகக் கிடைத்ததே என்றுதான் அப்போது எவரும் நினைத்திருப்பார்கள்.

2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, விசாரணையைத் தொடக்கத்திலிருந்து நடத்த உத்தரவிட்டது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கத்தக்க வழக்குகளில், குறைந்தது பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரையே சட்ட உதவி வழக்கறிஞராகவோ, நீதிமன்றத்துக்கு உதவும் வழக்கறிஞரான நீதிமன்ற நண்பராகவோ நியமிக்க வேண்டும் என்றும், தயாராவதற்கு அவருக்குப் போதிய அவகாசம் தர வேண்டும், பொதுவாக அது ஏழு நாளுக்குக் குறையக் கூடாது என்றும், குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சந்திக்க விரும்பினால் மறுக்கக் கூடாது என்றும் நெறிமுறை வகுத்தது. விரைவு வேண்டியதுதான், ஆனால் விரைவின் பெயரால் நீதியையே புதைத்துவிடக் கூடாது என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். இது புதிய சட்டமும் இல்லை. விசாரணை தொடங்கும் நாளிலேயே வழக்கறிஞரை நியமித்து முடிக்கப்பட்ட ஓர் உத்தரப் பிரதேச வழக்கில், 1968லேயே உச்ச நீதிமன்றம் இதே காரணத்துக்காக மரண தண்டனையை ரத்து செய்திருந்தது.

கண்டுவா வழக்கின் மறுவிசாரணையில் 2022இல் மீண்டும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மரபணுச் சோதனை செய்த நிபுணரை விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லப்பட்டிருக்கிறது என்று 2023இல் உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2024 மார்ச்சில் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். பதினொரு ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. பெரும்பகுதி தூக்குத் தண்டனைக் கைதியாக.

சகோதரரே, அந்தச் சிறுமியின் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் நீதி கிடைத்துவிட்டது என்று அவர்களிடம் சொன்னார்கள். பதினொரு ஆண்டுக்குப் பிறகு, தண்டிக்கப்பட்டவர் குற்றவாளியென மெய்ப்பிக்கப்படவில்லை என்கிறார்கள். அதற்குள் தடயங்கள் அழிந்திருக்கும், சாட்சிகளின் நினைவு மங்கியிருக்கும். வேறு யாரையேனும் தேட வேண்டியிருந்திருந்தால் அதற்குரிய காலத்தை அந்த இரண்டு வாரங்களே விழுங்கிவிட்டன. மரபணு நிபுணர் எங்கே என்று முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டியவர், படிக்க நேரம் கிடைத்த ஒரு நல்ல எதிர்த்தரப்பு வழக்கறிஞர்தான்.

வாய்தா வாங்கி இழுத்தடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346ஆம் பிரிவு, பாலியல் வன்கொடுமை வழக்குகளைக் குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. காரணமில்லாத வாய்தாவை நீதிபதி மறுக்கலாம், செலவுத் தொகையும் விதிக்கலாம். உங்கள் தங்கையின் வழக்கில் ஒன்பது ஆண்டுகள் போனது, அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாததால். ஏழு நாள் அவகாசம் கொடுத்ததால் எந்த வழக்கும் ஒன்பது ஆண்டு ஆனதில்லை.

ஆசிரியை அம்மாவுக்கு ஒன்று. குழந்தையின் பெற்றோருக்கும் வழக்கறிஞர் உரிமை உண்டு. போக்சோ சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி அவர்கள் விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். வசதியில்லாவிட்டால் அவர்களுக்கும் அதே சட்டப் பணிகள் ஆணைக்குழுதான் ஏற்பாடு செய்து தர வேண்டும். குற்றவாளி என்று கூறப்படுபவர் விடுதலையானால் மேல்முறையீடு செய்யும் உரிமையும் அவர்களுக்கு இருக்கிறது. இதை யாரேனும் அவர்களிடம் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆசிரியை மீண்டும் எழுதியது

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்தத் தாயை அழைத்துக்கொண்டு வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போனேன். மனுவை நான் எழுத, அவர் கைநாட்டு வைத்தார். பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் வேண்டும் என்றும், கட்டைப் படிக்க அவகாசம் வேண்டும் என்றும் மனுவிலேயே குறிப்பிட்டேன்.

மாலையில், சகோதரர் சொன்னபடி, குழந்தையின் வீட்டுக்கும் போனேன். பகலில் எங்கே போயிருந்தேன் என்பதை மறைக்காமல் அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அவர்களுக்கும் தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொன்னபோது, அந்தப் பிரிவின் எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. நியமனம் ஆன வழக்கறிஞருக்கு ஆவணங்கள் எப்போது கிடைக்கும்?

பதில் 5: ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்

அம்மா, காவல் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பிறகு, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் உள்ளிட்ட நகல்கள் எதிரிக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். புதிய சன்ஹிதாவின் 230ஆம் பிரிவு, எதிரி முன்னிலையான நாளிலிருந்து 14 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. கொடுத்ததும் எதிரியிடம் கையொப்பம் வாங்குவார்கள். எல்லாப் பக்கங்களும் இருக்கின்றனவா, தெளிவாகப் படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே கையொப்பமிடும்படி மகனிடம் அந்தத் தாயைச் சொல்லச் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல்தான் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். நீங்கள் கொடுத்த மனுவுக்கு முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புகை வாங்கினீர்களா? வாங்காவிட்டால் நாளையே போய் வாங்கிவிடுங்கள்.